ஜிப்ஸிக்கு லிஃப்ட் போடும் முன் பிளேட் கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்

நெல்லை பைபாஸ் ஓரத்து ‘ஆஃப்ரோடு’ கடை ஒன்றில் எங்கள் செட்டைச் சேர்ந்த ஒரு ஜிப்ஸி கிங்குக்கு (மாருதியின் ஜீப் மாதிரி வண்டி) 2 இஞ்ச் லிஃப்ட், அதாவது ஆக்சிலிலிருந்து சேசிஸை உயர்த்தும் வேலை, செய்து கொடுத்தார்கள். பேசியது நாலு புது பிளேட் கட்டு (வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்), நாலு கேஸ் ஷாக், கட்டை ஆக்சிலோடு இறுக்கும் புது யூ போல்ட், புது ரப்பர் புஷ். கூலியோடு 64,000 ரூபாய். ஆறு வாரம் கழித்து வண்டியை நாங்களே பிரித்தோம். பேசியதில் உண்மையிலேயே புதிதாக இருந்தது பெயிண்ட் மட்டும்தான். புகார் நடப்பதால் கடைப் பெயர் வேண்டாம். என்ன செய்திருந்தார்கள் என்பதைச் சொல்கிறோம்.

நாங்குநேரி தாண்டி பணகுடி, காவல்கிணறு வரைக்கும் ஆடிக் காற்று பக்கவாட்டில் எப்படி அடிக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் 70-க்கு மேல் போனால் வண்டி தானாக லேன் மாறியது. திருப்பம் முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் நேருக்குத் திரும்பவில்லை. பாலத்து ஜாயின்ட்டில் ஏறினால் முன் சக்கரம் இரண்டும் வெடவெடவென்று ஆடி, பிரேக் பிடித்தால்தான் நின்றது. கடையில் கேட்டதற்கு வந்த பதில்: “லிஃப்ட் போட்டா அப்படித்தான் இருக்கும் வே, ஓட ஓட செட் ஆயிரும்.” ஆகாது. காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்தால் வரும் கோளாறு இது. ஓட ஓட டயர்தான் தேயும்.

காஸ்டர் ஏன் குறைந்தது? உயரத்தைப் பிளேட்டில் எடுக்காமல் ஷேக்கிளில், அதாவது பிளேட் முனையைச் சேசிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பில், எடுத்திருந்தார்கள். ஷேக்கிளை 2 இஞ்ச் நீட்டினால் ஆக்சில் இருக்கும் இடத்தில் 1 இஞ்ச்தான் உயரும். 2 இஞ்ச் வேண்டும் என்றால் 4 இஞ்ச் நீட்ட வேண்டும். நீட்டியிருந்தார்கள். ஜிப்ஸியில் முன் ஷேக்கிள் பிளேட்டின் முன் முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் பிளேட்டின் முன்பக்கம் கீழே சாய்ந்து, ஆக்சிலின் தலை முன்னால் உருண்டுவிடும். கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) சாய்வு போய்விடும், ஸ்டியரிங் திரும்பி வராது. பின்னால் நீட்டினால் டிஃபரன்ஷியல் மூக்கு மேலே தூக்கி, அதைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டில் அதிர்வு வரும். இதைச் சரிக்கட்டப் பிளேட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஷிம் என்கிற ஆப்பு வடிவத் தகடு வைப்பது வழக்கம்தான். இங்கேயும் அலுமினிய ஷிம் வைத்திருந்தார்கள், ஆனால் திருப்பி! ஜிப்ஸியில் பிளேட் ஆக்சிலுக்குக் கீழே இருப்பதால் முன் ஷிம்மின் தடித்த பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். பின்னோக்கி வைத்ததில் மிச்சமிருந்த காஸ்டரும் போயிற்று. அதில் ஒரு ஷிம் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. ஷிம் இரும்பில்தான் வாங்க வேண்டும். நீளமான சென்டர் போல்ட்டும் (பிளேட்டுகளை நடுவில் கோத்துப் பிடிப்பது) கூடவே போட வேண்டும். போல்ட் தலை ஆக்சில் குழியில் முழுசாக உட்காராவிட்டால் ஆக்சில் பின்னால் நழுவும்.

இனி பிளேட் கட்டு. வெளியே பளபளவென்று கறுப்பு. சென்டர் போல்ட்டைக் கழற்றி ஒவ்வொன்றாக விரித்தால் உள்ளே பழைய துரு, அதன் மேலேயே பெயிண்ட். கீழ்ப் பிளேட்டின் முனை உராய்ந்து உராய்ந்து மேல் பிளேட்டில் நகம் மாட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. புதுப் பிளேட்டில் இந்தப் படி இருக்கவே இருக்காது. விரலால் தடவிப் பார்த்தாலே பிடிபடும். மெயின் பிளேட் நடுவில் வரிசையாகச் சுத்தியல் தழும்பு. பழைய கட்டையே பச்சையாக, காய்ச்சாமல், அடித்து வளைத்திருக்கிறார்கள். பச்சையாக வளைத்த பிளேட் சில வாரத்தில் பழையபடி தொங்கிவிடும். முறைப்படி என்றால் உலையில் 850, 900 டிகிரி வரை முழுப் பிளேட்டையும் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி 450 டிகிரி வாக்கில் பதம் ஏற்ற வேண்டும். கேஸ் கட்டரில் ஒரே இடத்தைக் காய்ச்சி வளைப்பது இதைவிட மோசம். அந்த இடத்தில் நீல நிறம் ஓடியிருக்கும், அங்கேதான் ஒடியும்.

சோதிக்க ஒரு நூல் போதும். கட்டைத் தரையில் வைத்து, முனைகளில் போல்ட் நுழையும் இரண்டு கண்ணின் மையத்துக்கும் நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து மெயின் பிளேட் வரை ஆழம் அளக்க வேண்டும். இந்த வண்டியில் இடது முன் 112 மி.மீ., வலது முன் 97. வண்டி ஒருபக்கம் சாய்ந்து நின்றதற்குக் காரணம் கேட்டபோது “டேங்க் வெயிட்டு” என்றார்கள்!

பின் கட்டில் கூடுதலாக ஒரு பிளேட். ஏதோ லோடு வண்டிப் பிளேட்டை அகலம் பொருந்தக் கிரைண்டரில் சீவிச் செருகியிருந்தார்கள். சீவிய ஓரத்தில் ஒவ்வொரு கீறலும் ஒரு விரிசலின் தொடக்கம். போதாததற்கு பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் இரண்டைக் காணோம். கிளிப் இல்லாவிட்டால் சக்கரம் கீழே தொங்கும்போது மொத்த எடையையும் மெயின் பிளேட் தனியாகத் தாங்க வேண்டியிருக்கும். கூடுதல் பிளேட்டால் உயரம் வரும், வளையும் தன்மை போய்விடும். ஆற்றங்கரைப் பாறையில் ஒரு சக்கரம் ஏறினால் எதிர்ச்சக்கரம் இறங்கித் தரையைத் தொட வேண்டும். அதற்குத்தான் லிஃப்ட்டே. இது மூன்று காலில் நின்றது.

ஷாக்கைக் கழற்றி, ராடைக் கையால் அமுக்கி விட்டால் கேஸ் ஷாக் என்றால் மெதுவாகத் தானே வெளியே வரும். நாலில் ஒன்றும் வரவில்லை. ஸ்டிக்கரின் கீழே வேறொரு பெயிண்ட். நீளமும் பழைய நீளம்தான், ஆகவே சக்கரம் தொங்கும்போதெல்லாம் ஷாக்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறது. ‘டங்’ என்று கேட்ட சத்தம் அதுதான். யூ போல்ட் பழசு, மரை இழுபட்டிருந்தது. ஷேக்கிள் போல்ட் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பலத்தைக் காட்டும் எந்த எண்ணும் இல்லை. முன் பிரேக் ஹோஸ் முழு நீளத்துக்கு விறைத்திருந்தது. இதைப் பார்த்தபோதுதான் எங்களுக்குக் கோபமே வந்தது. மற்றதெல்லாம் பணம், இது உயிர்.

உயரத்தைக் காட்டியதிலும் ஒரு வித்தை. பம்பரிலிருந்து தரைக்கு டேப் பிடித்துக் காட்டினார்கள். 205/70 ஆர்15 டயரை எடுத்துவிட்டு 215/75 ஆர்15 போட்டாலே 18 மி.மீ. உயரும். ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புக்குத்தான் அளக்க வேண்டும், நாலு மூலையிலும், வேலைக்கு முன்னும் பின்னும், சமதரையில்.

திரும்பப் போட்டது நாலு பேர், இரண்டு ஞாயிறு. முதல் நாள் இரவே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டும். பிவட் போல்ட் (பிளேட்டின் ஷேக்கிள் இல்லாத முனையைச் சேசிஸில் பிடிப்பது) புஷ் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்திருக்கும். அடித்து உயிரை விடாமல் ரம்பத்தால் அறுத்துவிடுவது நல்லது. சேசிஸைச் செங்கல் மேல் வைக்காதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். ஒருபக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஆக்சில் இடம் மாறாது. எல்லா போல்ட்டையும் கையால் மாட்டி, வண்டியை இறக்கி, சக்கரத்தில் எடை வந்த பிறகுதான் பிவட், ஷேக்கிள் நட்டுகளை முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு சீக்கிரம் கிழியும். யூ போல்ட்டைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரென்ச்சில் முறுக்க வேண்டும். 100 கி.மீ.யில் ஒருமுறை, 500-ல் ஒருமுறை மறுபடி. டிராக் லிங்க்கை (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) திருகி ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அலைன்மென்ட். ஷாக் வாங்கும் முன் மெயின் பிளேட்டை மட்டும் மாட்டி, ஜாக்கியால் சக்கரத்தை பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே போய் முட்டி நிற்கும் ரப்பர்) வரை ஏற்றியும் முழுசாக இறக்கியும் இரண்டு நீளமும் குறித்துக்கொண்டோம். இரண்டு முனையிலும் ஒரு இஞ்ச் மிச்சம் இருக்கிற ஷாக்தான் சரி. ஹோஸும் அந்த முழு இறக்கத்துக்கு அளந்து வாங்கியதுதான்.

“ஆர்.டி.ஓ. இதையெல்லாம் கேக்க மாட்டாவ அண்ணாச்சி” என்பதையும் நம்பாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 182ஏ-யில் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. மாட்டுவது கடைக்காரர் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கடையில் கொடுத்தது துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி. எண் இல்லை, ‘லிஃப்ட் கிட்’ என்று ஒரே வரி. பில்லில் பிளேட் எத்தனை, ஷாக்கின் பார்ட் நம்பர் என்ன என்று தனித்தனியாக எழுதி வாங்கியிருந்தால் வழக்கு எளிது. பழைய பாகத்தையும் கையோடு கேட்டு வாங்கிவிட வேண்டும். இந்த வண்டியின் ‘பழைய கட்டு’ எங்கே என்று கேட்டதற்கு “இரும்புக்குப் போட்டாச்சு” என்றார்கள். போடவில்லை, வண்டியில்தான் இருந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாகிவிட்டது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பிரித்த ஒவ்வொரு பாகத்தையும் அளவு நாடாவோடு படம் எடுத்திருக்கிறோம். விரிசல் விட்ட ஷிம், எண்ணில்லாத போல்ட், சீவிய பிளேட் எல்லாம் பெயர் எழுதிய சாக்கில் கட்டி வைத்திருக்கிறது. இந்த மாதிரிக் கடையில் லிஃப்ட் போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், வண்டியை எடுக்கும் முன் முதலில் பிரேக் ஹோஸைப் பாருங்கள்.