‘அதுக்குன்னே வச்ச கிட்தான் அக்கா’ – நம்பினேன், 4,219 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி பத்து மணிக்கு, பிரிண்டர் இங்க் கிட் வாங்கிய ஆன்லைன் தளத்திலிருந்து அந்த மெசேஜ் வந்தது: “உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.” யார் முடித்தது, எப்படி முடித்தது என்று ஒரு வார்த்தை இல்லை. ராத்திரி தூக்கமே வரவில்லை. பிரிண்டருக்கு வீட்டிலேயே இங்க் ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் காசைக் கட்டுங்கள்.

நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள், வாரம் ஒரு தேர்வு, வினாத்தாள் எல்லாம் வீட்டு பிரிண்டரில்தான். கருப்பு கார்ட்ரிட்ஜ் (இங்க் இருக்கும் டப்பா) 920 ரூபாய், கலர் 1,050. இரண்டையும் புதிதாக வாங்கிப் போட்டு, தீர்ந்தால் இங்க் மட்டும் ஊற்றிக்கொள்ளலாம் என்று ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில் ரீஃபில் கிட் பார்த்தேன். நான்கு பாட்டில், நான்கு சிரிஞ்சு, கையுறை, எந்த ஓட்டையில் எந்த நிறம் என்று படம் போட்ட ஒரு தாள். 749 ரூபாய்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. விற்பவர் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன். மாடல் நம்பர் கேட்டார், இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். “அதுக்குன்னே வச்ச கிட்தான் அக்கா. சந்தேகம்னா கூப்பிடுங்க, வீடியோ கால்ல பக்கத்துல இருந்து சொல்லித் தர்றேன்” என்றார். அந்த “அக்கா”வில்தான் விழுந்தேன். “ரொம்ப நன்றி தம்பி” என்று சொல்லிவிட்டு அப்போதே பணம் கட்டினேன்.

கலர் தீர்ந்ததும் மேலே இருந்த ஸ்டிக்கரை உரித்து, தாளில் இருந்தபடியே இடது ஓட்டையில் மஞ்சள், வலது ஓட்டையில் நீலம், நடுவில் ரோஸ் என்று சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஈர டிஷ்யூவில் கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கத்தை ஒற்றி எடுத்தால் நீலம், ரோஸ், மஞ்சள் என்று மூன்று கோடு விழ வேண்டும். எனக்கு விழுந்தது பச்சை, ரோஸ், பச்சை. அந்தப் படம் வேறு மாடலுக்கு உரியது. நீல அறையில் மஞ்சளும் மஞ்சள் அறையில் நீலமும் போய்விட்டன.

உடனே கூப்பிட்டேன். வீடியோ காலும் இல்லை, ஒன்றும் இல்லை. “ஹெட் கிளீனிங் ஏழெட்டு தடவை கொடுங்க, சரியாயிடும்” என்றார். ஹெட் என்பது இங்க்கைத் தாளில் துளியாகத் தெளிக்கும் பகுதி. கொடுத்தேன். கருப்பிலும் அவர் பாட்டிலைத்தான் ஊற்றியிருந்தேன். நான்காவது தடவைக்கு மேல் கருப்பும் வரவில்லை. உள்ளே கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடமெல்லாம் பச்சைத் தண்ணீர்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுத்தான் விளக்கினார். இந்த மாதிரி பிரிண்டரில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. உள்ளே இங்க்கைச் சூடாக்கி, அந்தக் குமிழி தள்ளித்தான் துளி வெளியே வருகிறது. அடைத்துக்கொண்ட ஹெட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அது கருகிப்போகும். அடைப்புக்குக் காரணம், கம்பெனி கருப்பு பிக்மென்ட் இங்க் (நிறம் நுண்ணிய தூளாக மிதப்பது), கிட்காரர் கொடுத்தது டை இங்க் (நிறம் கரைந்தே இருப்பது), இரண்டும் கலந்து திரிந்திருக்கிறது என்றார். பாட்டிலில் “பிளாக்” என்பதைத் தவிர ஒரு எழுத்து கிடையாது. சுத்தம் செய்ய மெக்கானிக் 1,500 வாங்கினார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, மூன்று மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தார்.

749, 1,050, 920, 1,500. மொத்தம் 4,219 ரூபாய். நான்கு பிள்ளைகளின் ஒரு மாத ஃபீஸ் அது.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. தளத்தில் புகார் கொடுத்தேன். முதலில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அப்புறம் வீடியோ வேண்டும் என்றார்கள். அதையும் அனுப்பினேன். “டெக்னீஷியன் கூப்பிடுவார்” என்று நாலு நாள் ஓட்டினார்கள். எட்டாம் நாள், “ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, சீலும் உடைத்திருக்கிறீர்கள்.” சீலை உடைக்காமல் இங்க்கை எப்படி ஊற்றுவது? தளத்தைக் கேட்டால் விற்பவரைக் கேள் என்கிறது, விற்பவர் தளத்தைக் கேள் என்கிறார். அக்கா என்று கூப்பிட்ட அதே ஆள் கடைசியாகச் சொன்னது: “மேடம், நீங்க சரியா ஊத்தலை.” அதன் பிறகு நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

இன்று காலை 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 2020 மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அதனால் தளத்துக்கும் தேதி போட்டு இன்னொரு தடவை எழுதியிருக்கிறேன். 4,219 ரூபாயையும் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

எப்படி ஊற்றுவது என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு இல்லை. இவ்வளவுதான்: கிட்டோடு வரும் படத்தை நம்பாதீர்கள். ஊற்றும் முன் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பல்குச்சியை விட்டு, நுனியில் ஒட்டும் நிறத்தைப் பாருங்கள். டையா பிக்மென்ட்டா என்று எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள். இங்க் வராத ஹெட்டுக்கு கிளீனிங் மேல் கிளீனிங் கொடுக்காதீர்கள். போனில் பேசியதை அப்போதே மெசேஜிலும் எழுதி வாங்குங்கள், நான் வாங்கவில்லை.

நாளைக்குப் பத்தாம் வகுப்புக்குக் கணக்குத் தேர்வு. வினாத்தாளைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஜெராக்ஸ் கடை ஒன்பது மணிக்குள் மூடிவிடும்.