'பிரேக்-இன்னும் நானே முடித்துத் தருகிறேன்' என்றால் இன்ஜினைக் கொடுத்துவிடாதீர்கள்

நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் மாடல் டிரக் ஓட்டுகிறவர்களுக்கு, அதிலும் புது இன்ஜினை மாடிஃபை செய்யக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். என்னுடைய 3.5 சிசி இன்ஜின் ஒன்று, என் கையில் ஒரு லிட்டர் எரிபொருள்கூட முழுதாகக் குடிக்காமல் செத்துப்போனது. தூசி உள்ளே போய்ச் சாகவில்லை, லீனாக, அதாவது எரிபொருள் குறைந்து காற்று மிகுந்து, ஓடியும் சாகவில்லை. உப்புத்தாளால் செத்தது.

பழைய இன்ஜின் ஏறத்தாழ 15 லிட்டர் ஓடி ஓய்ந்த பிறகு, மாதக்கணக்கில் காசு சேர்த்து என் 1:8 டிரக்குக்குப் புது இன்ஜின் வாங்கினேன். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருக்கலாம். ஆனால் டிரக் கனம், சக்கரமும் பெரிது. வளைவிலிருந்து வெளியே வரும்போது இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசை. மாடிஃபை செய்து தருகிற ஒருவரைப் பற்றி இரண்டு மூன்று பேர் நல்லவிதமாகச் சொல்லியிருந்தார்கள். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் செய்த முறையைத் தெரிந்துகொண்டால் போதும், அதை வேறு யார் செய்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பேசும்போது தெளிவாகத்தான் பேசினார். க்ராங்க் ஷாஃப்டின் வாயை அகலப்படுத்துவது, உள்ளே எரிபொருள் திரும்புகிற மூலையில் சிலிகான் நிரப்பிச் சரிவாக்குவது, ஸ்லீவில் (பிஸ்டன் ஓடும் குழாய்) புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டைக் கொஞ்சம் உயர்த்துவது, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளையத் தகடுகளான ஷிம்களில் ஒன்றை எடுப்பது என்று வரிசையாகச் சொன்னார். எல்லாமே மாடிஃபை செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகள்தான். கடைசியில், "பிரேக்-இன்னையும் நானே பெஞ்சுல போட்டு முடிச்சுக் குடுத்துடறேன் சார். நீங்க எதுக்கு அந்தப் பாடு படணும்? வாங்கி மாட்டி ஓட்ட வேண்டியதுதான்" என்றார். புது இன்ஜினைக் கவனமாக ஓட்டிப் பழக்குவதுதான் பிரேக்-இன்; 4 டேங்க் எரிபொருள் ஓட்டித் தருவதாகப் பேச்சு. அதற்குத் தனிக் கட்டணம். சரி என்றேன்.

5 வாரம் கழித்து இன்ஜின் வந்தது. ஹெட் ஸ்க்ரூக்களின் தலையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்புப் பெயிண்ட். அது உடைந்திருந்தால் தனக்குப் பொறுப்பில்லை என்று கூடவே ஒரு சீட்டு. ஃப்ளைவீலை மாட்டிக் கையால் சுற்றினேன். ப்ளக் (எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ ப்ளக்) போட்டிருந்தபோதே விரல் நுனியில் வழுக்கிக்கொண்டு சுற்றியது, உச்சியில் எங்கேயும் பிடிக்கவில்லை. ஃபோன் செய்து கேட்டேன். "பாத்தீங்களா, எவ்வளவு ஃப்ரீயா இருக்கு? அதுதான் சார் பிரேக்-இன்" என்றார். இன்ஜின் பெஞ்சில் அலறுகிற 20 விநாடி வீடியோ ஒன்றையும் அனுப்பினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பின்ச் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இந்த வகை இன்ஜின்களில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டன் அலுமினியம், ஸ்லீவ் பித்தளை, ஸ்லீவின் உள்சுவரில் குரோம் பூச்சு. அந்த ஸ்லீவ் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்காது. மேலே போகப் போக மயிரிழை அளவுக்குக் குறுகும். அதனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வந்தால் இறுக்கிப் பிடிக்கும். இந்தப் பிடிப்புதான் பின்ச். புது இன்ஜினில் சில சமயம் கையால் தாண்டவே முடியாது. ஓடிச் சூடானதும் பித்தளை விரிகிறது. பிஸ்டன் சிலிகான் அதிகம் கலந்த அலுமினியம் என்பதால் அந்த அளவுக்கு விரிவதில்லை. ஸ்லீவின் மேல்பக்கம்தான் அதிகச் சூடு வாங்கும், அங்கேதான் விரிவும் அதிகம். ஆக, ஓடுகிற சூட்டில் அந்தக் குறுகல் திறந்து பிஸ்டனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிடும். ரிங் செய்ய வேண்டிய வேலையை இந்தப் பொருத்தமே செய்கிறது. கம்ப்ரஷன் முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டு உலோகங்களும் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று பழகுவதைத்தான் பிரேக்-இன் என்கிறோம். 4 டேங்க் ஓடிய பிறகு பின்ச் கொஞ்சம் இளகியிருக்கும். ஆனால் காணாமல் போகாது. கையால் சுற்றும்போது உச்சியில் ஒரு பிடிப்பு கட்டாயம் தெரிய வேண்டும். குளிர்ந்த இன்ஜின் தடையே இல்லாமல் சுற்றினால், சூடானதும் பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது என்று பொருள்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் பழக்கமுள்ளவர் ஒருவர் உறுதியாகச் சொன்னபோது, என் விரலுக்குத் தெரிந்ததைவிட அவர் வாய்ச்சொல்லை நம்பினேன்.

டிரக்கில் மாட்டினேன். முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆனது. முதல் 3 நிமிடம் பிரமாதம், வேகமும் இருந்தது. பிறகு ஐடில் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஏறுகிறது, இறங்குகிறது. ஹெட்டில் 100 டிகிரியைத் தாண்டியதும் பிரேக் போட்டால் அப்படியே அணைந்தது. அணைந்தால் சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆகும்.

காற்றுக் கசிவு என்று நினைத்தேன். கார்புரேட்டர் அடியில் சீலன்ட் வைத்தேன், ஓ-ரிங் மாற்றினேன், டேங்க் மூடியின் ரப்பரை மாற்றினேன், பிரஷர் லைனை மாற்றினேன். புது பாட்டில் எரிபொருள் திறந்தேன். குறைந்த வேகத்தில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் லோ ஸ்பீட் நீடிலைத் திருகித் திருகி, ஆரம்பத்தில் எங்கே இருந்தது என்பதே மறந்துபோகும் அளவுக்கு ஆனது. நடுவில் இரண்டு க்ளோ ப்ளக் போனது. இரண்டிலும் கம்பிச்சுருள் நசுங்கிக் கிடந்தது. இப்படியே இரண்டு வாரம். அந்தச் சிவப்புப் பெயிண்டை உடைக்கப் பயந்து ஹெட்டை மட்டும் தொடவில்லை. அந்தப் பெயிண்ட் எதற்காக வைக்கப்பட்டது என்று இப்போது புரிகிறது.

என்னைவிட நெடுநாளாக இன்ஜின் கழற்றி மாட்டுகிற ஒரு அண்ணனிடம் கடைசியில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை. ப்ளக்கைக் கழற்றினார், ஃப்ளைவீலை மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றினார். "தம்பி, இதுல பின்ச்சே இல்லையேப்பா. எத்தனை லிட்டர் ஓட்டின?" ஒரு லிட்டர்கூட முடியவில்லை என்றேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என்னிடமே நீட்டி, "பெயிண்ட் போனா போகட்டும், திற" என்றார்.

உள்ளே பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் இன்ஜினிலும் இதையெல்லாம்தான் பார்க்க வேண்டும்.

பிஸ்டனின் பக்கவாட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, மெல்லிய கோடுகள் வளையல் போலச் சுற்றிச் சுற்றி ஓடின. பிஸ்டன் மேலும் கீழும்தான் போகிறது. ஓடித் தேய்ந்த தடம் என்றால் செங்குத்தாக இருக்க வேண்டும். ஓடியதால் சுற்றிலும் கோடு விழாது. பிஸ்டனை விரலில் மாட்டி உப்புத்தாளில் திருப்பியிருக்க வேண்டும். பிஸ்டனின் மேல் விளிம்பில்தான் அந்தத் தேய்ப்பு அதிகம். பின்ச்சில் போய்ப் பிடிக்கிற விளிம்பு அதுதான்.

ஸ்லீவில் எக்ஸாஸ்ட் போர்ட்டை நிஜமாகவே உயர்த்தியிருந்தார். ஆனால் அறுத்த விளிம்பை மழுக்காமல் விட்டிருந்தார். நகத்தால் வருடினால் கூர்மையாகத் தட்டியது. அந்த விளிம்பை ஒட்டி, ஊசிமுனை அகலத்துக்கு ஒரு இடத்தில் குரோம் பெயர்ந்து பித்தளையின் மஞ்சள் தெரிந்தது. ஒருமுறை பெயர ஆரம்பித்த குரோம் பெயர்ந்துகொண்டேதான் போகும்.

ஹெட் பட்டனின் (பிஸ்டனுக்கு மேலே இருக்கும் எரியறை மூடி) உட்புறம் மணல் வாரி அடித்தது போலப் பொரிபொரியாக இருந்தது. நான் போடுவது 25 சதவீத நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) கலந்த எரிபொருள் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். நைட்ரோ ஏறினால் கம்ப்ரஷனைக் குறைக்க ஷிம் சேர்ப்பதுதான் வழக்கம். அவர் ஒன்றை எடுத்திருந்தார். ப்ளக் நசுங்கியதற்குக் காரணம் அது.

அப்புறம் அந்த 4 டேங்க். இன்ஜினைப் பெஞ்சில் ஓட்ட வேண்டும் என்றால் அதன் அடிக்கால்களை எதிலாவது போல்ட் போட்டு இறுக்க வேண்டும், க்ராங்கில் ஃப்ளைவீலைக் கூம்பு வளையத்தோடு இறுக்க வேண்டும். இரண்டுமே தடம் விடும். இன்ஜின் கைக்கு வந்த அன்று நான் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிக்கால்களில் போல்ட் பதிந்த வட்டம் இல்லை. க்ராங்கில் வளையம் கடித்த தடம் இல்லை. எக்ஸாஸ்ட் வாயில் எண்ணெய் கருகிய பழுப்பு துளிகூட இல்லை. அதாவது ஒரு நொடிகூட அது ஓடவில்லை. அந்த 20 விநாடி வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதில் ஓடுகிற இன்ஜினின் பின்னால், கயிற்றை இழுத்துக் கிளப்புகிற புல் ஸ்டார்ட் இருக்கிறது. என்னுடையது ஸ்டார்டர் பாக்ஸில் வைத்துக் கிளப்புகிற வகை, பின்னால் வெறும் தட்டு மட்டும்தான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். க்ராங்க் வேலை சுத்தமாக இருந்தது. சிலிகான் சரிவு வழுவழுப்பாக, பிசிறில்லாமல் இருந்தது. கைத்திறமை உள்ள மனிதர்தான். 4 டேங்க் ஓட்ட வேண்டிய நேரத்தையும் எரிபொருளையும் மிச்சம் பிடிக்க, 5 நிமிட உப்புத்தாள் வேலையில் இன்ஜினின் ஆயுளையே உரித்து எடுத்துவிட்டார். திறமை இல்லாதவர் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

படங்களை அனுப்பிக் கேட்டேன். முதல் பதில்: "நீங்க லீனா ஓட்டியிருக்கீங்க சார்." லீனாக ஓடினால் சுற்றுவாட்டில் கோடு எப்படி விழும் என்று கேட்டேன். "பெயிண்டை உடைச்சிட்டீங்களே, இனிமே நான் எதுவும் சொல்றதுக்கு இல்ல." வீடியோவில் இருக்கும் புல் ஸ்டார்ட்டைப் பற்றிக் கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. பிரேக்-இன்னுக்கு வாங்கிய கட்டணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

நீங்கள் மாடிஃபை செய்யக் கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் முன் ஹெட்டைத் திறந்து பிஸ்டன் தலை, ஸ்லீவின் போர்ட் விளிம்புகள், ஷிம்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைச் சுற்றி, பின்ச் எந்த அளவுக்குப் பிடிக்கிறது என்று விரலுக்குப் பழக்குங்கள். ப்ளக் இருந்தால் காற்றழுத்தம் எது, உலோகப் பிடிப்பு எது என்று குழம்பும். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதே சோதனையைச் செய்யுங்கள். எந்த ஷிம் எடுக்கப்பட்டது, எந்த நைட்ரோ அளவுக்காக எடுக்கப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். திறக்கக்கூடாது என்று பெயிண்ட் வைக்கிறவரிடம் வேலையே கொடுக்காதீர்கள். பிரேக்-இன்னை மட்டும் யாரிடமும் விடாதீர்கள்.

அது அப்படி ஒன்றும் பெரிய பாடும் இல்லை. புது பிஸ்டன், ஸ்லீவ், கனெக்டிங் ராட் செட் வாங்கிப் போட்டு, எடுத்த ஷிம்மையும் திரும்ப வைத்து, இந்த முறை நானே செய்தேன். ஹீட் கன்னால் ஹெட்டை 90 டிகிரிவரை சூடாக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தேன். குளிர்ந்த இன்ஜினை முடுக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அந்தக் குறுகலில் போய் இடிக்கும், அந்த அடி முழுக்கக் கனெக்டிங் ராடின் மேல் விழும். மிகவும் ரிச்சாக, அதாவது எரிபொருள் மிகுதியாக, வைத்து எச்சில் வடிகிற மாதிரி ஓட்டினாலும் இதே கதைதான், சூடே ஏறாது. அதனால் கொஞ்சம் ரிச், ஆனால் சூடு 90க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டேன். சூடு நிற்காதபோது கூலிங் ஹெட்டைச் சுற்றி அலுமினியத் தாளைச் சுற்றினேன்.

2, 3 நிமிட ஓட்டம், பிறகு நிறுத்தம். நிறுத்த எரிபொருள் குழாயை நசுக்கவில்லை, கடைசி விநாடிகளில் அது லீனாக்கிவிடும். எக்ஸாஸ்ட் வாயை அடைத்து நிறுத்தினேன். நிறுத்திய உடனே பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து வைக்க வேண்டும். உச்சியில் நின்றபடி ஆறினால் சுருங்குகிற ஸ்லீவ் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். முழுக்க ஆறிய பிறகு மறுபடி சூடாக்கி அடுத்த ஓட்டம். இரண்டு டேங்க் இப்படிப் போனபின் தரையில் இறக்கிப் பாதி த்ராட்டிலுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். அதற்கப்புறம்தான் ஹை ஸ்பீட் நீடிலைக் கடிகாரத்தில் ஒரு மணி நகர்கிற அளவுக்கு, ஒவ்வொரு டேங்குக்கும் ஒருமுறை இறுக்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று ஆறாவது டேங்க் முடிந்தது. இன்று காலை ப்ளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றினேன். உச்சியில் பிஸ்டன் நின்று, கட்டைவிரலை அழுத்திய பிறகுதான் 'டக்' என்று தாண்டியது. உயர்த்திய போர்ட் போய்விட்டதால் நான் ஆசைப்பட்ட இழுவை முழுதாகக் கிடைக்கவில்லை. சூட்டில் நிறுத்தினாலும் ஸ்டார்ட் ஆகிறது. தேய்க்கப்பட்ட பிஸ்டனை எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அந்த வளையல் கோடுகள் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றால் கேளுங்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்து அனுப்புகிறேன்.