கிம்பில் ஸ்டீம்பங்க் கூட்டுப்படங்கள்: யாழ்ப்பாணத்தில் நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

நீராவி யுகத்தைக் கற்பனையில் நீட்டிப்பார்க்கும் ஸ்டீம்பங்க் வேடம் போட்டவர்களைத் தனியாகப் படமெடுத்து, வேறு இடத்தில் எடுத்த பின்னணியோடு சேர்த்து ஒரே படமாக்கும் வேலையை 2022 தொடக்கம் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில்தான் செய்து வருகிறேன். 2.10 பதிப்பில் தொடங்கி இப்போது 3.0இல் நிற்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு கிம்ப் தாராளமாகப் போதும். ஒட்டுப்போட்டது தெரிவதும் தெரியாததும் கமராவைக் கையில் எடுத்த நேரத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஆகவே மென்பொருளைப் பற்றி எழுதும் அளவுக்கு வெளிச்சத்தைப் பற்றியும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கிம்புக்கு வந்ததற்குக் காரணம் விலைதான். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. வேறு படத்திருத்த மென்பொருள்களுக்கு டொலரில் மாதச் சந்தா கட்டுவது என்னைப் போன்றவர்களுக்கு எட்டாத காரியமாகிவிட்டது. கிம்ப் 1995இல் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் கலிபோர்னியாவில் தொடங்கியது. இன்றும் இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்.

இனி வேடங்களுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நீராவி யுகம் முடியாமல் தொடர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைதான் ஸ்டீம்பங்க். உயரத் தொப்பி, தோல் பட்டி, பித்தளைக் கண்ணாடி, பற்சக்கரம், சங்கிலி வைத்த மணிக்கூடு. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 2009 தொடக்கம் இதற்கென்றே விழா நடக்கிறது. நியூசிலாந்தின் ஓமரு ஊரும் இதற்குப் பெயர் பெற்றது. இங்கே என்னிடம் வரும் பெடியளும் பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைப்பதில்லை. வெல்டிங் கண்ணாடி, சைக்கிள் செயின் வீல், ஓடாத சுவர் மணிக்கூட்டின் உள்பாகம், உடைந்த குத்துவிளக்கின் தண்டு, இவற்றோடு ஊர்த் தையற்காரரின் கை. அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த வேடம் ஒரு பிள்ளை செய்தது. முதுகில் மரப்பெட்டிக்குள் ஒரு பழைய ரேடியோ, அதிலிருந்து வயர் இடுப்பில் கட்டிய சைக்கிள் டைனமோவுக்குப் போகும். 90களில் மின்சாரம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தார் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டார்கள். பெற்றோல் வராதபடியால் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தார்கள். படம் எடுக்கிற அன்று கூட வந்திருந்த அவளுடைய அப்பா கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை, வயரை உப்பிடிக் கொழுவினா பாட்டு வராது, இஞ்சாலை தா" என்று தானே எழும்பி வந்து மாற்றிக் கொழுவினார். எங்கள் ஊரில் இந்தக் கலைக்கு வேர் உண்டு என்று நான் உறுதியாகச் சொல்வேன். லண்டன் புகைக்கூண்டுகளை இணையத்திலிருந்து இறக்கிப் பின்னால் ஒட்டவேண்டிய தேவை எங்களுக்கு இல்லை.

பின்னணிகளை நானேதான் எடுக்கிறேன். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம், கோட்டையின் முருகைக்கல் மதில்கள், நல்லூர் மந்திரிமனையின் சிதைந்த வாசல், ஆட்களையும் சாமான்களையும் ஏற்றும் பழைய வண்டியான கொடிகாமம் பக்கத்துத் தட்டிவான், அச்சகங்களின் மூலையில் மிச்சமிருக்கும் காலால் மிதிக்கும் அச்சு இயந்திரம். தட்டிவானைப் போல நீராவிக் கொதிகலன் ஒன்றை ஏற்றிவைக்கப் பொருத்தமான வண்டி உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

ஆட்களை அங்கேயே கொண்டுபோய் எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். தடித்த கோட்டும் தோல் பட்டியும் போட்டவரை வெயிலில் பத்து நிமிடம் நிறுத்தினால் முகத்தில் பூசியது வழியத் தொடங்கும். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வாகனம் ஓயாது. நல்ல வெளிச்சம் காலையில் சிறிது நேரம்தான் நிற்கும். பின்னணியை ஒரு விடியலில் தனியாக எடுத்துவிட்டு, ஆளை ஃபானுக்குக் கீழே ஆறுதலாக எடுக்கலாம்.

ஒழுங்கு முக்கியம். பின்னணி முதலில், ஆள் பிறகு. பின்னணியை எடுக்கும்போது ஆள் நிற்கப்போகும் இடத்தில் ஒரு தடியை நட்டு, நிழலோடு ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். நிழல் தடியின் உயரமளவே இருந்தால் சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். வீட்டு விறாந்தையில் பிளாஷை அதே பக்கத்தில், அதே சரிவில் வைப்பேன். வெயில் கூர்மையான நிழல் தரும் என்பதால் வெளிச்சத்தை மென்மையாக்கும் பிளாஷ் குடை போடாமல், இடம் விடும் அளவுக்குத் தள்ளி வைக்கவேண்டும். பின்னணி நிழலான இடமென்றால் பிளாஷே வேண்டாம், ஜன்னலில் வெள்ளைச் சீலை தொங்கவிட்டால் சரி. ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் நேர் உச்சியில் வருகிறது. அந்த நாட்களில் மத்தியானம் எடுத்த பின்னணி எதற்கும் உதவாது, தொப்பி விளிம்பின் நிழல் முகம் முழுவதையும் மறைத்துவிடும்.

கமராவின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்கிறேன். சமதரையில் ஆளின் நெஞ்சுயரத்தில் கமரா இருந்தால், அடிவானக் கோடு அந்த ஆளின் நெஞ்சைக் கடந்துதான் போகும். ஆள் கிட்ட நின்றாலும் எட்ட நின்றாலும் அப்படித்தான். எங்கள் தரை தட்டையானது என்பதால் இதைச் சரிபார்ப்பது மிக இலகு. கிம்பில் ஒரு வழிகாட்டிக் கோட்டை அடிவானத்தில் இழுத்துவிட்டு ஆளைப் பெரிதாக்கிச் சிறிதாக்கினால், எந்த அளவில் பொருந்துகிறார் என்று உடனே தெரிந்துவிடும். லென்ஸை விடத் தூரம்தான் முக்கியம். உருவத்தின் தோற்றத்தை மாற்றுவது கமராவுக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள இடைவெளியே.

வலிகாமத்துச் செம்மண்ணைப் பின்னணியாக வைத்தால் இன்னொரு வேலை உண்டு. மண்ணில் பட்டுத் தெறிக்கும் சிவப்பு, உடுப்பின் கீழ்விளிம்பிலும் நாடியின் அடியிலும் ஏறும். அது இல்லாத உருவம் தரையில் நிற்காமல் மிதக்கும். தறப்பாள் விரித்து அதில் ஒரு வாளி செம்மண் கொட்டி, ஆளை அதன்மேல் நிற்கவைத்து எடுக்கிறேன். சப்பாத்து மண்ணில் பதிந்த இடத்து நிழலும் அப்படியே கிடைத்துவிடுகிறது. எந்த பிரஷ்ஷாலும் அதை இவ்வளவு நன்றாக வரைய முடியாது.

அப்புறம் வெட்டும் வேலை. பச்சைத் துணி வேண்டவே வேண்டாம். ஸ்டீம்பங்க் வேடத்தில் பித்தளையும் கண்ணாடியும் அதிகம், பச்சை அவற்றில் ஏறிக்கொள்ளும். இளம் சாம்பல் துணிதான் என் தேர்வு. உடுப்பின் ஓரங்களை கிம்பின் பாத்ஸ் கருவியால் கோடுபோட்டு எடுத்து, படத்தின் அந்த அடுக்கில் (லேயர்) வேண்டாத பகுதியை மறைக்கும் லேயர் மாஸ்க்காக மாற்றுகிறேன். இது மெதுவான வேலைதான், ஆனால் பற்சக்கரத்தின் பல்லுக்கும் தொப்பி விளிம்புக்கும் இதைவிடச் சுத்தமான வழி நான் காணவில்லை. முன்புலத்தைத் தானாகத் தெரிவுசெய்யும் கருவியும் உண்டு. சுருட்டை முடிக்கு அது ஓரளவு உதவும், பெரிய படத்தில் நேரமெடுக்கும். எங்கள் கருமுடிக்கு நான் செய்வது வேறு. முடிப்பகுதியை மட்டும் இன்னொரு லேயராகப் படியெடுத்து, துணி வெள்ளையாகும்வரை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸில் தள்ளி, கீழுள்ளதை இருட்டாக்கிக் கலக்கும் மல்டிப்ளை முறையில் வைக்கிறேன். வெள்ளை மறைந்துவிடும், ஒவ்வொரு இழையும் நிற்கும். பின்னணி முடியைவிட வெளிச்சமாக இருக்கும் இடங்களில்தான் இது சரிவரும்.

கண்ணாடிகளின் வில்லைகளைத் தனியாகக் கவனிக்கவேண்டும். அவற்றில் என் விறாந்தை ஜன்னல் தெரிந்தால் படத்தை யாரும் நம்பமாட்டார்கள். கோபுரத்தடியில் ஆள் நிற்கப்போகும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துவைத்து, அதை வளைத்து வில்லைக்குள் போடுகிறேன். "அண்ணை, கண்ணாடிக்குள்ள ரோட்டுத் தெரியுதே!" என்று ஒரு தம்பி கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம் பெரியது.

புகைக்குச் சாம்பிராணிதான். கறுப்புத் துணிக்கு முன்னால் தூபக்காலை வைத்து, பிளாஷைப் பின்பக்கவாட்டிலிருந்து அடித்தால் புகை வெள்ளையாக எழும். அந்த லேயரை, கீழுள்ளதை வெளிச்சமாக்கிக் கலக்கும் ஸ்கிரீன் முறையில் வைத்தால் கறுப்பு முழுவதும் போய் புகை மட்டும் மிஞ்சும். கொதிக்கும் கேத்தலின் ஆவியும் இப்படியே. சாம்பிராணிப் புகை இழையிழையாகச் சுருளும், ஆவி திரண்டு உடனே கலையும். கொதிகலனுக்கு ஆவி, புகைக்கூண்டுக்குச் சாம்பிராணி.

இந்தக் கலை நீராவி யுகத்துக்கே உரியது என்பதை நினைக்கும்போது எனக்கு ஊக்கமாக இருக்கிறது. 1857இல் ஒஸ்கார் ரைலாண்டர் 30க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் அச்சிட்டார். அடுத்த வருடம் ஹென்றி பீச் ரொபின்சன் ஐந்து நெகட்டிவ்களில் ஒரு படம் செய்தார். கணினி இல்லாமல், இருட்டறையில், ஒவ்வொரு துண்டாக மறைத்து மறைத்து அச்சிட்டவர்கள் அவர்கள்.

கிம்பின் குறைகளையும் சொல்லவேண்டும். 2.10இல் வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும் கர்வ்ஸ் போட்டால் போட்டதுதான், பிறகு திரும்பிப்போய்த் திருத்த வழியில்லை. 2025 மார்ச்சில் வந்த 3.0இல் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது. ஃபில்டர்கள் லேயரோடு தனியாக நிற்கின்றன, எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். ஆளின் நிழல்களில் வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் ஏற்றுவது, பின்னணியின் மஞ்சளோடு தோலை இசைவிப்பது போன்ற வேலைகளுக்கு இது பெரிய விடுதலை.

நினைவகம் நிறைய வேண்டும். 6000க்கு 4000 பிக்சல் படம், நிறத்தை நுணுக்கமாகப் பதியும் 16 பிட்டில் ஒரு லேயருக்கே 190 மெகாபைட்டுக்கு மேல் எடுக்கும். 8 ஜிபி மடிக்கணினியில் லேயர்கள் கூடினால் இழுபடத்தான் செய்யும். 8 பிட்டில் பாதிதான், ஆனால் புகையும் வானமும் படிபடியாக உடையும். புகை உள்ள படத்தை 16இலும் மற்றவற்றை 8இலும் செய்கிறேன்.

கிம்பில் தானாகச் சேமிக்கும் வசதி கிடையாது. மென்பொருள் செயலிழந்தால் மீட்டுத்தர ஒரு ஏற்பாடு உண்டு; மின்சாரம் போனால் அது உதவாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்தக் காலத்தில் பழகியது இன்றும் விடவில்லை, ஒவ்வொரு மாஸ்க் முடிந்ததும் கை தானாக கொன்ட்ரோல் எஸ்ஸுக்குப் போகும். மேசைக்கணினி வைத்திருப்பவர்கள் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம்.

அச்சில் வரும்போது பழுப்பும் கறுப்பும் கலந்த இந்தப் படங்கள் திரையில் பார்த்ததைவிட இருண்டு போகும். திரையின் வெளிச்சத்தைப் பாதியளவுக்குக் குறைத்து வைத்துத்தான் கடைசித் திருத்தம் செய்கிறேன். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில் ஜேபெக்காகக் கொடுத்து, முதலில் 4க்கு 6 அங்குல அளவில் ஒன்று அடித்துப் பார்த்துவிட்டே பெரிய அளவுக்குப் போகிறேன். தோலும் பித்தளையும் அதில் பிரிந்து தெரியவேண்டும்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படம் திருத்திக் கொடுப்பவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், அந்த வேகத்துக்கான கருவி இது இல்லை. ஒரு படத்தோடு ஒரு கிழமை இருக்க விருப்பமுள்ளவர்கள் நேராக 3.0இலேயே தொடங்குங்கள். 2.10க்கு எழுதிய பிளக்இன்கள் என்ற கூடுதல் கருவிகள் அதில் அப்படியே ஓடாது, பழைய பாடங்களைப் பார்த்துப் படிக்கும்போது மெனுக்களும் சில இடங்களில் மாறியிருக்கும்.