நாக்பூர் ஆரஞ்சா, கின்னோவா?

குளிர்காலத்தில் தள்ளுவண்டிகளில் நாக்பூர் ஆரஞ்சு, கின்னோ ஆரஞ்சு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் உரிக்க ஆரம்பித்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும். நாக்பூர் ஆரஞ்சின் தோல் சதையை ஒட்டாமல் தளர்ந்திருக்கும்; சின்னக் குழந்தையே உரித்துவிடும். சுளைகளும் எளிதில் பிரியும். இனிப்போடு லேசான புளிப்பும் சேர்ந்த அந்தச் சுவைதான் எனக்கு உண்மையான கமலா ஆரஞ்சின் சுவை. 2014-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கின்னோ கலிஃபோர்னியாவில் பிறந்த கலப்பின ரகம். கிங், வில்லோ லீஃப் என்ற இரண்டு மாண்டரின் ஆரஞ்சு வகைகளைக் கலந்து உருவாக்கி, 1935-இல் வெளியிட்டார்கள். இன்று பஞ்சாபின் அபோகர் பக்கமும் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகரிலும் ஏராளமாக விளைகிறது. தோல் மினுமினுப்பாக, சதையோடு இறுக்கமாக இருக்கும். சாறு நிறைய, நிறமும் அருமை. ஆனால் சுளைக்குச் சுளை விதை!

சரி, எதை வாங்கலாம்? உரித்துச் சாப்பிடவும், பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கும் யோசிக்காமல் நாக்பூர்தான். ஜூஸ் போடக் கின்னோ நல்லது. மிக்ஸியில் அடித்தால் விதையும் அரைபட்டுக் கசக்கும், அதனால் பிழிந்தே எடுங்கள். பிழிந்ததும் குடித்துவிடுங்கள், வைத்திருந்தாலும் கசப்பு ஏறும்.