லாரிக்கு வயர்லெஸ் செட் மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

தண்ணீர் லாரி ஓட்டுவது எங்கள் தொழில். மூன்று பெரிய லாரி, ஒரு சின்ன வண்டி. ஆபீஸ் கே.புதூரில், கிணறு யானைமலைக்கு அந்தப்புறம். லாரிகளுக்கு வயர்லெஸ் செட் மாட்டுகிறேன் என்று போய் 1,40,000 ரூபாயைத் தொலைத்த கதை இது. கடைப் பெயரை எழுதவில்லை. கொஞ்சம் பணம் இன்னும் வர வேண்டியிருக்கிறது.

மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்றும் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் செல்போன் வெறும் டார்ச் லைட்தான். சிக்னல் புள்ளி நாலும் காட்டும், போன் கால் போகாது. எங்களுக்கோ வருஷத்திலேயே பெரிய வேலை அந்த இரண்டு நாள்தான். மண்டகப்படி, நீர்மோர்ப் பந்தல், அன்னதானம் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டும். வழியை எங்கே அடைத்திருக்கிறார்கள், எந்த லாரி எங்கே நிற்கிறது, எதுவும் தெரியாது. செட் மாட்டியதற்கு முந்தின வருஷத் திருவிழாவில் ஒரு லாரி தல்லாகுளத்தில் நான்கு மணி நேரம் நின்றது. அதைத் தேடிப் பிடிக்க நான் நடந்தே போனேன்.

டவர் இல்லாமல் பேச வயர்லெஸ்தான் வழி என்று பொங்கல் முடிந்ததும் ஒரு கடைக்குப் போனேன். யோசனை தப்பில்லை, இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். "அம்பது கிலோமீட்டர் சும்மா அடிக்கும்ணே. அழகர்கோயில்ல நின்னு திருமங்கலத்துல பேசலாம்" என்றார். லைசென்ஸ் பற்றிக் கேட்டேன், கேட்காமல் இல்லை. "அதெல்லாம் நம்ம கடைப் பேர்லயே இருக்குண்ணே. நீங்க மைக்கை அமுக்கிப் பேசுனாப் போதும்" என்று ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார். அரசு முத்திரை இருந்தது, மேலே மத்திய தொலைத்தொடர்புத் துறையின் பெயர் இருந்தது. நானும் நாலு காப்பி எடுத்து நாலு வண்டியிலும் வைத்துவிட்டேன். படித்துப் பார்த்தேனா என்றால், இல்லை.

நாலு வண்டிக்கு நாலு செட், ஆபீஸுக்கு ஒன்று. எல்லாம் 25 வாட். மாட்டுவதற்கு இரண்டு பையன்கள் வந்து ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டார்கள். அந்த வேகத்தைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாசி கடைசியில் முதல் லாரியின் பேட்டரி செத்தது. பங்குனியில் இன்னொன்று. பேட்டரிக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பெரிய லாரியில் 24 வோல்ட், அதாவது 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். செட்டுக்கு வேண்டியது 12 வோல்ட்தான். முறையாக 24-ஐ 12 ஆக இறக்கும் கன்வெர்ட்டர் போட வேண்டும். இவர்கள் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயரை இழுத்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும், ஆல்டர்னேட்டர் ஏற்றும்போது மற்றது அளவுக்கு மேல் ஏறிக் கொதிக்கும். இரண்டுமே போகும். கன்வெர்ட்டர் காசை மிச்சம் பிடித்தது கடை, பேட்டரி வாங்கியது நான்.

சின்ன வண்டி 12 வோல்ட்தான், அதில் வேறு கூத்து. சிகரெட் லைட்டருக்கு வரும் மெல்லிய வயரிலிருந்தே இழுத்திருந்தார்கள். 25 வாட் செட் பேசும்போது ஆறேழு ஆம்பியர் இழுக்கும். மைக்கை அமுக்கினால் வயர் சுடும், குரல் கரகரக்கும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், இது அடிப்படை.

சரி, பேசவாவது முடிந்ததா? கே.புதூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டினால் வெறும் இரைச்சல். கடைக்குப் போன் போட்டால், "டிரைவருக்குப் பேசத் தெரியலண்ணே" என்றார். அதில் கால்வாசி உண்மை. அமுக்கியதும் அரை நொடி விட்டுப் பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் வார்த்தை விழுங்கிப்போகும். எங்கள் டிரைவர் ஒருவர் மைக்கைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். பட்டன் அமுங்கியபடியே கிடக்க, இருபது நிமிஷம் வேறு யாரும் பேச முடியவில்லை, அவர் மச்சினன் வீட்டுப் பஞ்சாயத்து முழுவதையும் நாங்கள் கேட்டோம். இத்தனை நொடிக்கு மேல் அமுங்கியிருந்தால் தானாக நின்றுவிடும்படி செட்டிலேயே வைக்கலாமாம். அதையும் கடை செய்து தரவில்லை.

அடுத்த தெருவில் வயர்லெஸ் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மனசு கேட்காமல் அவரைக் கூட்டி வந்தேன். லாரிக் கூரையில் இருந்த ஆன்டெனாக் கம்பியைப் பார்த்ததுமே சிரித்தார்.

"தம்பி, உங்க செட்டு விஹெச்எஃப். இது யூஹெச்எஃப் கம்பியில்ல."

விஹெச்எஃப் என்றால் குறைந்த அலைவரிசை, யூஹெச்எஃப் அதைவிட அதிகம். 150 மெகாஹெர்ட்ஸ் சுமாரில் வேலை செய்கிற எங்கள் விஹெச்எஃப் செட்டுக்குக் கால் அலைநீளக் கம்பி என்றால் அரை மீட்டர் இருக்க வேண்டும். எங்களுக்கு வைத்திருந்தது ஒரு சாண் கூட இல்லை, 450 மெகாஹெர்ட்ஸுக்கானது. கம்பிக்குப் போகும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இடையில் போட்டு அமுக்கிக் காட்டினார், முள் அந்தக் கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மீட்டர் 3 காட்டினாலே கால்வாசி சக்தி செட்டுக்கே திரும்பி வருகிறது என்று அர்த்தம். எங்களுடையதில் பெரும்பகுதி திரும்பி வந்து செட்டைச் சுட வைத்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் மாடிக்குப் போட்டிருந்தது கேபிள் டி.வி. வயர், 75 ஓம். இந்த செட்டுக்கு வேண்டியது 50 ஓம் வயர்.

அந்த ஐம்பது கிலோமீட்டர் கதையையும் அவர்தான் உடைத்தார். இந்த அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போவது. லாரி மேல் மூன்று மீட்டர் உயரத்தில் ஒன்றும் ஆபீஸ் மாடியில் ஒன்பது மீட்டரில் ஒன்றும் வைத்தால், பொட்டல் காட்டில்கூடக் கணக்குப்படி 20 கிலோமீட்டர்தான். ஊருக்குள் அதில் பாதி கிடைத்தால் பெரிது. நடுவில் யானைமலை வேறு படுத்திருக்கிறது. "வாட்டைக் கூட்டுனா மலை வழி விடுமா?" என்று கேட்டார். உயரமான இடத்தில் ரிப்பீட்டர், அதாவது பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் செட், வைத்தால்தான் ஐம்பது பற்றிப் பேசலாம். அதற்கும் தனியாக அனுமதி.

கம்பியையும் வயரையும் என் செலவில் மாற்றினோம். ஓரளவு பேச முடிந்தது. அப்போதும் லைசென்ஸ் தாளை நான் அவரிடம் காட்டவில்லை. அது சரியாக இருக்கும் என்றே நினைத்தேன்.

எதிர்சேவை இரவு, தடுப்பு ஒன்றில் எங்கள் லாரியை நிறுத்தினார்கள். டிரைவர் கையில் மைக். எஸ்.ஐ. கேட்டார், "இது யாரு குடுத்த செட்டு? லைசென்ஸ் எங்க?" டிரைவர் ஜெராக்ஸை நீட்டியிருக்கிறார். "இதுல உன் ஓனர் பேரு எங்கப்பா இருக்கு?" இல்லைதான். நான் போய்ச் சேர்ந்தபோது செட் கழற்றி மேசை மேல் இருந்தது. அவர் கத்தவில்லை. கூட்டத்தில் தெரியாத அலைவரிசையில் யாராவது பேசினால் போலீஸுக்குத்தான் தலைவலி என்றார். எழுதி வாங்கிக்கொண்டு, மற்ற செட்களையும் அன்றைக்கே அணைக்கச் சொல்லி அனுப்பினார். திருவிழா முழுக்க மறுபடியும் நடைதான்.

மறுநாள்தான் தாளைப் பெரியவரிடம் காட்டினேன். அது லைசென்ஸே இல்லை. ஈ.டி.ஏ., அதாவது எக்விப்மென்ட் டைப் அப்ரூவல். இந்த மாடல் செட் விதிப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லும் தாள். லாரிக்காரன் பாஷையில் சொன்னால், வண்டி மாடலுக்கு அரசு ஒப்புதல் இருப்பது வேறு, உங்கள் பேரில் ஆர்.சி. இருப்பது வேறு. அதிலும் அந்தத் தாளில் இருந்த மாடல் எண் எங்கள் செட்டின் எண்ணே இல்லை!

நம் தொழிலுக்கு வண்டியில் செட் வைத்துப் பேச வேண்டுமானால் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைப் பார்த்துக்கொள்ளும் டபிள்யூ.பி.சி. பிரிவு நம் பேரில் அலைவரிசை ஒதுக்கி லைசென்ஸ் தர வேண்டும். சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்கிறார்கள். எத்தனை செட், எத்தனை வாட், ஆன்டெனா எவ்வளவு உயரம், எல்லாம் கேட்கும், வருஷக் கட்டணம் உண்டு. 1933-ஆம் வருஷச் சட்டமே லைசென்ஸ் இல்லாமல் செட்டை வைத்திருப்பதையே குற்றம் என்றுதான் சொன்னது. லைசென்ஸ் வேண்டாதவையும் உண்டு, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சின்னக் கைக்கருவிகள். கல்யாண மண்டபத்துக்குள் பேச அது போதும், லாரிக்கு ஆகாது. கடைக்காரர் பிறகு "ஹாம் லைசென்ஸ் எடுத்துருங்கண்ணே, ஈஸி" என்றும் சொல்லிப் பார்த்தார். ஹாம் என்பது பொழுதுபோக்காக வயர்லெஸ் பேசுகிறவர்களுக்கு, அதில் வியாபாரம் பேசக் கூடாது.

இன்னொன்று. எங்கள் அலைவரிசையிலேயே கான்கிரீட் லாரிக்காரர்கள் இருந்தார்கள். ஒரே அலைவரிசையைக் கடை எல்லோருக்கும் போட்டுக் கொடுத்து, டோன் மட்டும், அதாவது பேச்சோடு சேர்ந்து போகும் அடையாள ஒலியை மட்டும், மாற்றியிருக்கிறது. டோன் வைத்தால் அடுத்தவர் பேச்சு நம் காதில் விழாது, அவ்வளவுதான். அலை ஒன்றேதான், இரண்டு பேர் ஒரே நேரத்தில் அமுக்கினால் இரண்டும் கெடும்.

பணத்தைக் கேட்டுச் சண்டை போட்டதில் 30,000 வந்தது. பில் ஜி.எஸ்.டி. இல்லாத குவட்டேஷன் தாள். வக்கீலைப் பார்த்தேன். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்றால் 2019 நுகர்வோர் சட்டத்தில் நுகர்வோர் ஆவதே கஷ்டம், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியது என்று காட்ட முடிந்தால் தப்பிக்கலாம், நாலு வண்டி வைத்திருக்கிறீர்களே என்றார். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

போன வாரம் கடைக்காரரே கூப்பிட்டார். மீதிப் பணத்துக்குப் பதிலாக சிம் போட்ட செட் ஐந்து தருகிறாராம். "லைசென்ஸே வேணாம்ணே, இந்தியா முழுக்க ரேஞ்ச்." சிம் என்றால் எந்த டவரில் போகும் என்று கேட்டேன். செல்போன் டவர்தான் என்றார்.