குவாடல்கனால் இழப்பு அட்டவணை: ஏழு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

1942 ஆகஸ்ட் 7 முதல் 1943 பிப்ரவரி 9 வரை சாலமன் தீவுகளில் நடந்த குவாடல்கனால் போரில் நேச நாடுகளும் ஜப்பானும் இழந்தவற்றை எதிரெதிரே வைத்துப் பார்ப்பதற்காக எக்செல்லில் நானே ஓர் அட்டவணை அமைத்தேன். பசிபிக் போரைப் பற்றி எதைப் படித்தாலும் அதைத் திறந்து ஒப்பிடுவது ஏழு ஆண்டுகளாக என் வழக்கம்.

அதில் என்னை நீண்ட காலம் தவறாக எண்ண வைத்தது கப்பல் வரிதான். இரு தரப்பிலும் 24 போர்க்கப்பல்கள் மூழ்கின; எடையும் நேச நாடுகளுக்கு 1,26,240 டன், ஜப்பானுக்கு 1,34,839 டன் என்று நெருங்கியே நிற்கிறது. எனவே "சமம்" என்று குறித்து வைத்திருந்தேன். பின்னர் 'ஈடுசெய்யும் ஆற்றல்' என்ற பத்தியைச் சேர்த்ததும் அந்தக் குறிப்பை அழிக்க நேர்ந்தது. வாஸ்ப், ஹார்னெட் ஆகிய இரண்டு விமானந்தாங்கிகளை இழந்த அமெரிக்கா, குவாடல்கனால் போர் முடிவதற்குள்ளேயே, 1942 டிசம்பர் 31 அன்று, எசெக்ஸ் என்ற புதிய விமானந்தாங்கியைக் கடற்படையில் சேர்த்துவிட்டது. ஹியெய், கிரிஷிமா என்னும் இரு மாபெரும் போர்க்கப்பல்களை இழந்த ஜப்பானால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

உயிரிழப்பு வரியில் நான் செய்த பிழை இதைவிடப் பெரியது. முதல் வடிவத்தில் தரைப்படையை மட்டுமே கணக்கில் எடுத்திருந்தேன். தரையில் இறந்த அமெரிக்கர் சுமார் 1,600 பேர். கடலில் இறந்தவர்களோ அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகஸ்ட் 9 அதிகாலையில் சாவோ தீவருகே நடந்த ஒரே மோதலில் நேச நாட்டினர் 1,077 பேர் மாண்டனர். கடற்படையை விட்டுவிட்டு இந்தப் போரின் விலையைப் பேசவே கூடாது என்பது இப்போது என் உறுதியான கருத்து.

ஜப்பானியத் தரைப்படையில் இறந்தவர்கள் 20,000-க்கும் மேற்பட்டோர். இந்த எண்ணை நான் இப்போது தனியாக எழுதுவதில்லை; அவர்களில் பல்லாயிரம் பேர் குண்டடி பட்டு இறக்கவில்லை, பசியாலும் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் மடிந்தார்கள். தீவின் பெயரில் வரும் முதல் ஓசையைப் பட்டினியைக் குறிக்கும் எழுத்தால் எழுதி, அதைப் 'பட்டினித் தீவு' என்று ஜப்பானியர் அழைத்தது அதனால்தான். போரில் இறந்தோர் எத்தனை, நோயில் இறந்தோர் எத்தனை என்பதில் அமெரிக்கக் கணக்கும் ஜப்பானியக் கணக்கும் ஒத்துப்போவதில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனி வரிகளில் வைத்திருக்கிறேன், சராசரி எடுப்பதில்லை.

விமான வரியை (நேச நாடுகள் இழந்தவை 615, ஜப்பான் இழந்தவை 683) பயன்படுத்துவோர் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானியத் தளமான ரபவுலிலிருந்து ஏறக்குறைய 1,000 கி.மீ. பறந்து வந்த ஜப்பானிய விமானி வழியில் வீழ்ந்தால் பெரும்பாலும் மீளவில்லை. குவாடல்கனாலிலேயே இருந்த அமெரிக்க ஹெண்டர்சன் விமானத்தளத்தின் அருகே பாராசூட்டில் குதித்த அமெரிக்க விமானியோ பல வேளைகளில் பிழைத்து, மறுபடியும் பறந்தார்.