பரணிலிருந்து இறங்கிய சாமான்: எடைக்கடையா, பழம்பொருள் கடையா, சேகரிப்பாளரா?

அப்பத்தா போய் ஒரு வருஷம் கழித்து, திருப்பத்தூர் பக்கம் இருக்கும் ஊர்வீட்டை ஒழிக்க வேண்டி வந்தது. பரணிலிருந்து இறக்கினோம். ஒரு உருளி, பித்தளை அடுக்கு, ஒரு சாக்கு நிறைய எனாமல் தட்டும் கிண்ணமும், கண்ணாடி போட்ட சாமி படம் 4, சுருக்குப்பையில் வெள்ளி ரூபாய் 31, தகரப்பெட்டி ஒன்றில் காகிதக் கட்டுகள். "எல்லாத்தையும் ஒரு வண்டியில ஏத்தி எடைக்குப் போட்டுட்டு வந்துரு, பங்கு பிரிச்சுக்குவோம்" என்றார் சித்தப்பா. ஒரு மாதம் அவகாசம் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு மாதத்தில் இதே சாமானை மூன்று வகையான ஆட்களிடம் காட்டிப் பார்த்ததில் தெரிந்தது இது: எந்தச் சாமான் என்பதைப் பார்த்துத்தான் யாரிடம் போவது என்று முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுத்தால் ஏதோ ஒன்றில் கட்டாயம் நஷ்டம்.

மூன்று பேரும் எப்படிப்பட்டவர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எடைக்கடைக்காரர் உலோகத்தை மட்டும் பார்ப்பார். வாங்கியது உலைக்குப் போகும். அன்றைக்கே கையில் காசு, பேரம் குறைவு. பழம்பொருள் கடைக்காரர் பார்ப்பது தோற்றத்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இப்படிப்பட்ட கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஹோட்டல் அலங்கரிப்பவர்கள், புதுவீட்டில் பழைய தூணும் கதவும் வைக்க ஆசைப்படுபவர்கள், சுற்றுலா வருபவர்கள்தான் அவர்களுடைய வாடிக்கை. வாங்கிய சாமான் மாதக்கணக்கில் கடையிலேயே கிடக்கலாம். அதனால் தான் விற்கும் விலையில் பாதியோ அதற்கும் கீழோதான் நமக்குக் கொடுக்க முடியும். அதை ஏமாற்று என்று சொல்லக் கூடாது. மூன்றாமவர் சேகரிப்பாளர். நாணயம் சேர்ப்பவர் நாணயம் மட்டும், படம் சேர்ப்பவர் படம் மட்டும். நம்மிடம் இருக்கும் முப்பதில் ஒன்றுக்கு நல்ல விலை கொடுத்துவிட்டு மீதி 29ஐத் திருப்பித் தந்துவிடுவார். அவரைத் தேடிப் பிடிப்பதற்கே பொறுமை வேண்டும்.

உருளி

உருளியை நாங்கள் காலம் காலமாகப் பித்தளை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். எடைக்கடையிலும் பித்தளை என்றே தராசில் வைத்தார்கள். 7 கிலோ 200 கிராம். கடையில் இருந்த பெரியவர் ஒருவர்தான் விரல் முட்டியால் விளிம்பைத் தட்டினார். கோயில் மணி அடித்து ஓய்கிற மாதிரி நீளமாக இழுத்தது. வெண்கலம்.

இந்த ஒரு தட்டலிலேயே விலை மாறிவிடும். செம்பும் துத்தநாகமும் கலந்தால் பித்தளை, செம்பும் வெள்ளீயமும் கலந்தால் வெண்கலம். வெள்ளீயம் விலை கூடுதல் என்பதால் எடைக்கடையிலேயே இரண்டுக்கும் கிலோவுக்குக் கணிசமான வித்தியாசம் உண்டு. பித்தளையைத் தட்டினால் ஓசை சட்டென்று அடங்கிவிடும். கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், வெண்கலம் விரிசல் விடும் அல்லது உடையும். விரிசல் விழுந்த வெண்கலம் தட்டும்போது பிசிறடிக்கும். அப்படிப்பட்டதைப் பழம்பொருள் கடையில் எடுக்க மாட்டார்கள், அதற்கு எடைக்கடைதான் சரி.

எங்கள் உருளியின் விளிம்புக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய பெயர் ஒன்று இருந்தது: உண்ணாமலை. அப்பத்தாவின் அம்மா. அதில் ணா சுழித்துக்கொண்டும், லை தும்பிக்கை தூக்கிக்கொண்டும் இருந்தது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகு இந்த வடிவங்கள் அச்சிலிருந்து மறைந்தன. எழுதிப் பழகிய கைகள் அதற்கப்புறமும் சில காலம் அப்படியே எழுதின. அதனால் இதை வைத்து வருஷத்தைக் குறிக்க முடியாது, ஆனால் புதுச்சரக்கு இல்லை என்று சொல்லலாம். எடைக்கடையில் அந்தப் பெயரை யாரும் பார்க்கவில்லை. காரைக்குடிக் கடைக்காரரோ முதலில் விரலை வைத்தது அந்த எழுத்தின் மேல்தான். "பேரோட இருந்தா கேட்டு வாங்குவாங்க" என்றார். எடைக்கடையில் வெண்கல விலைக்குச் சொன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சொன்னார். அப்பவும் கொடுக்க மனசு வரவில்லை, அது வேறு கதை.

பித்தளை அடுக்கு நேரெதிர். மெல்லிய தகடு, அடியில் ஒட்டு, உள்ளே ஈயம் தேய்ந்துபோய்விட்டது. இரண்டு கடையிலும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். எடைக்கே போட்டோம்.

எனாமல்

மூன்று பேருக்கும் இடையிலான வித்தியாசம் இங்கேதான் மிகப் பெரிது. எனாமல் தட்டுக்கு அடியில் இருப்பது இரும்புத் தகடு. எடைக்கடையில் பழைய இரும்பு விலை, அதையும் வேண்டா வெறுப்பாகத்தான் எடுப்பார்கள். ஆனால் செட்டிநாட்டு எனாமலுக்குப் பழம்பொருள் கடையில் தனி அலமாரியே உண்டு. ஸ்வீடன், ஜப்பான், ஐரோப்பாவின் பிற நாடுகள் என்று பல இடங்களிலிருந்து வந்த சரக்கு அது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்த குடும்பங்கள் சீருக்காகவும் புழக்கத்துக்காகவும் வாங்கிக் குவித்தது. அடியைத் திருப்பிப் பாருங்கள். காக்கம்ஸ், ஸ்வீடன் என்று முத்திரை தெளிவாக இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். விளிம்பில் மட்டும் உதிர்ந்திருந்தால் பரவாயில்லை, நடுவில் உதிர்ந்து துரு ஏறியிருந்தால் விலை போய்விடும். ஒரே நிறத்தில் ஒரே அளவில் ஆறோ பன்னிரண்டோ தேறினால் தனித்தனியாக விற்பதைவிடச் சேர்த்துக் கொடுப்பது மேல். எங்கள் சாக்கில் அப்படி ஒரு நீலக் கிண்ண வரிசை இருந்தது. நேராகப் பழம்பொருள் கடைக்குத்தான், வேறு யோசனையே வேண்டாம்.

வெள்ளி ரூபாய்

அதிகம் தவறு நடப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1835 முதல் 1939 வரை போட்டிருக்கும் பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒவ்வொன்றும் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் வெள்ளி நூற்றுக்கு 91.7 பங்கு. கணக்குப் போட்டால் ஒரு ரூபாயில் ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் வந்தவற்றில் எடை அதேதான், ஆனால் வெள்ளி பாதிதான், 5.8 கிராம் சொச்சம். 1947இல் வந்த புலி போட்ட ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். காந்தம் வைத்தால் ஒட்டும். இந்த மூன்று வகையையும் ஒரே பையில் கொண்டுபோய்க் கொட்டினால் வெள்ளி வாங்குபவர் தன் பாதுகாப்புக்காக அத்தனைக்கும் விலையைக் குறைத்துத்தான் சொல்வார். வீட்டிலேயே வருஷம் பார்த்துப் பிரித்துக் கொண்டுபோங்கள்.

எங்கள் 31இல் விக்டோரியா 12, எட்வர்ட் 6, ஐந்தாம் ஜார்ஜ் 9, ஆறாம் ஜார்ஜ் 4. விக்டோரியாவில் பாதிக்கு மேல் 1862. உடனே ஆஹா, 160 வருஷத்துப் பழசு என்று தோன்றும். பழசுதான், ஆனால் அரிதில்லை. 1862 என்ற வருஷத்தையே மாற்றாமல் 1874 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். நாணயசாலையும் உண்மையான வருஷமும் கண்டுபிடிக்கப் பின்பக்கத்துப் புள்ளிகளை எண்ண வேண்டும். சேகரிப்பாளர் எண்ணுவார், எடைக்கடையில் எண்ண மாட்டார்கள்.

நான் காட்டிய சேகரிப்பாளர் ஐந்தாம் ஜார்ஜ் ஒன்பதையும் மேஜையில் பரப்பி, ஒன்றை மட்டும் நகர்த்தி வைத்தார். 1911. ராஜா போட்டிருக்கும் அங்கியில் ஒரு சின்ன யானை இருக்கும். அந்த வருஷத்து அச்சில் தும்பிக்கையும் காலும் குட்டையாகிப்போய் அது பன்றி மாதிரித் தெரிந்தது. முஸ்லிம்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வர, புழக்கத்துக்குப் போகாமல் இருந்தவற்றைப் பெருமளவில் உருக்கிவிட்டார்கள். 1912இலிருந்து யானைக்குத் தும்பிக்கை நீண்டது. அதனால் 1911க்குப் 'பன்றி ரூபாய்' என்றே பெயர். வெள்ளி எடையில் 1911க்கும் 1912க்கும் ஒரு குன்றிமணி வித்தியாசம் கிடையாது. சேகரிப்பாளரின் விலையில் நிறைய வித்தியாசம். பூதக்கண்ணாடியில் என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், பன்றியேதான்.

அப்புறம் அவர் விக்டோரியா பக்கம் போனார். ஐந்து காசு பளபளவென்று இருந்தது. அத்தை ஆசையாகப் புளி போட்டுத் தேய்த்து, விபூதியால் துடைத்து வைத்தது. "இதெல்லாம் எடைக்குத்தாங்க" என்று ஒதுக்கினார். பல வருஷம் பையில் கிடந்து ஏறிய கருப்பு, அந்தக் காசு கை படாமல் இருந்ததற்குச் சாட்சி. தேய்த்தால் அந்தக் கருப்புத் தோல் போய்விடும், திரும்ப வராது, மயிரிழைக் கோடுகளும் விழுந்துவிடும். அத்தைக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, இன்னும் சொல்லவில்லை. வளையம் பற்றவைத்து மாலையில் கோத்த காசுக்கும் இதே கதிதான், எந்த வருஷமாக இருந்தாலும் வெள்ளி விலைதான்.

சரி, போலி உண்டா? நிறைய. நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், ஒரு கிராம் குறைந்தால் சந்தேகப்படலாம். விளிம்பில் வரிவரியாக வெட்டியிருப்பதன் நடுவே சுற்றிலும் ஒட்டுக்கோடு ஓடினால் வார்த்த போலி.

சுருக்கமாக, சாதாரண வருஷத்து ரூபாய்க்கு வெள்ளி விலைக்கும் சேகரிப்பாளர் விலைக்கும் பெரிய தூரம் இல்லை, அவசரம் என்றால் வெள்ளி விலைக்கே கொடுக்கலாம். கருப்பேறிய, எழுத்துத் தேயாத காசையும், வருஷம் வித்தியாசமானதையும் மட்டும் நாணயக் கண்காட்சிக்கோ ஏலத்துக்கோ கொண்டுபோங்கள். ஏலத்தில் கழிவு பிடிப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். பழைய நோட்டுக்கும் காசுக்கும் லட்சம் தருகிறோம், முதலில் வரியும் கட்டணமும் கட்டுங்கள் என்று போனில் வருபவர்களிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரிலேயே இப்படி வசூல் நடக்கிறது என்று 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டது.

சாமி படம்

நான்கில் மூன்று சாதாரண காலண்டர் அச்சு. பூதக்கண்ணாடியில் நிறப்புள்ளிகள் வட்டம் வட்டமாக, ஒரே ஒழுங்கில் தெரியும். நான்காவது லட்சுமி. அதில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவியது போல இருந்தன, புடவைக்கு நிஜ ஜரிகை ஒட்டியிருந்தது, அடியில் ரவிவர்மா அச்சகத்தின் பெயர். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், பின்னால் லோனாவாலா பக்கம் போய், ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கு மாறியது. படங்கள் ரவிவர்மா 1906இல் இறந்த பிறகும் வந்துகொண்டிருந்தன. அதனால் பெயரை வைத்து அவர் காலத்தது என்று சொல்லிவிட முடியாது.

எடைக்கடையில் சட்டத்துக்குத்தான் விலை, தேக்கு என்பதால். பழம்பொருள் கடையில் நல்ல விலை. ஆனால் படம் சேர்ப்பவர் அதற்கும் மேலே போனார். காரணம், பின்பலகையும் அதை ஒட்டிய பழைய செய்தித்தாளும் பிரிக்கப்படாமல் இருந்ததுதான். புது நகலைப் பழைய சட்டத்தில் போட்டு விற்பது நடக்கிறது என்பதால் அவர்கள் முதலில் பார்ப்பது முதுகை. கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று ஆணியைப் பிடுங்காதீர்கள்.

மூன்று பேரிடமும் போகக் கூடாதவை

எங்கள் வீட்டில் இல்லை, ஆனால் பல பூஜை அறைகளில் பழைய உலோக விக்கிரகம் இருக்கும். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பத்தைப் பதிவு செய்ய வேண்டும், விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிக்கு 75 வருஷம் போதும். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரை விலைபோய், 2014இல் திரும்பி வந்தார். ஊர்க்கோயில் சாமி எப்படி அவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு அது ஒன்று போதும். யாராவது ரகசியமாக விலை சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள். யானைத் தந்தம் எந்த வடிவில் இருந்தாலும் விற்பதே குற்றம்.

தகரப்பெட்டி

எடைக்கடையில் பழைய பேப்பர் விலை. பழம்பொருள் கடையில் பெட்டியை மட்டும் கேட்டார்கள், காகிதத்தை அங்கேயே கொட்டிக்கொள்ளலாம் என்றார்கள். சேகரிப்பாளர் ஒருவர் தபால்தலைகளை மட்டும் கத்தரித்துத் தரச் சொன்னார். மூன்றும் எனக்குச் சம்மதமில்லை. உள்ளே ரங்கூன் கடிதங்களும், கல்யாணப் பத்திரிகைகளும், வரவு செலவு நோட்டுகளும் இருந்தன.

இதற்கு நான்காவது வழி ஒன்று உண்டு, அதில் காசு வராமல் போகலாம். காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பழைய புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் நூலகமாக ஆனது. மற்றவர்கள் எடைக்குப் போட்டதை அவர் எடுத்து வைத்ததால் இன்று ஆராய்ச்சி செய்பவர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள். அப்படியொரு நூலகத்துக்குக் கொடுப்பது என்றால் முதலில் என்ன இருக்கிறது என்று பட்டியல் வேண்டும்.

அந்த வேலையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். பெட்டியைத் திறந்து காட்டியபோது மேலாக இருந்தது அப்பத்தாவின் கல்யாணப் பத்திரிகை. அதை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது பெட்டி அவர் வீட்டில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு கட்டு பிரித்து, தேதி, ஊர், யார் யாருக்கு எழுதியது என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறார்.